மூடி

குள்ளஞ்சாவடி தாண்டி மூணாவது கிலோமீட்டர்.
முந்திரிக்காட்டு ஓரம், நாலு இண்டிகேட்டரும் துடிக்க
நின்றுகொண்டிருந்தது.
பின்கதவிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி
அதற்குள் ஒரு ஓடையாகியிருந்தது.
முதுநகர் துறைமுகத்து மத்தி, ஆறு டன்.
விடியும்போது சேலம் தாண்டியிருக்க வேண்டும்.
அப்போதே மணி இரண்டு நாற்பது.

"நல்லாத்தான் வந்துச்சு.
மூச்சு வாங்குற மாதிரி ரெண்டு தரம் இழுத்துச்சு,
அப்படியே படுத்துடுச்சு" என்றார் தனகோடி.
டிரைவர்கள் நோயைச் சரியாகத்தான் சொல்வார்கள்.
வேறு எதையோதான்
பான்பராக்கோடு சேர்த்து அடக்கிக்கொள்வார்கள்.

சாவியைத் திருப்பச் சொன்னேன்.
ஸ்டார்ட்டர் திடமாகச் சுற்றியது.
பேட்டரியில் குறையில்லை.
சைலன்சர் வாயில் டார்ச் அடித்தேன்.
ஒரு நூல் வெள்ளைப் புகைகூட இல்லை.
சரி, டீசல் போகவில்லை.
இதுவரை என் பையனே சொல்லிவிடுவான்.

ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
தண்ணீர் இல்லை, சேறு இல்லை, போன மாதத்துப் புதுசு.
வாஷர்களை விரலால் தடவினேன். ஈரமில்லை.
(இழுக்கும் பக்கத்து ஓட்டை ஒழுகாது,
காற்றைத்தான் குடிக்கும்.
அதனால் ஈரமில்லாததை நான் நம்புவதில்லை.)
கைப்பம்பைப் பிடித்து மேலே இழுத்தேன்.
வரவில்லை.
இன்னொரு முறை.
டேங்குக்குள் உட்கார்ந்து எவனோ
கீழே இழுக்கிறான்.

கேனில் இரண்டு லிட்டர் டீசல் வைத்திருந்தேன்.
டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு
கேனில் ஒரு ட்யூப் விட்டு, ஏர் எடுத்து,
"இப்ப அடிங்க" என்றேன்.
முந்திரிக்காடே அதிர்ந்தது.
தனகோடி இறங்கி வந்து
என்ஜினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

டேங்கைத் தட்டினேன்.
பட்டினி கிடந்த வயிறு போல
ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது.
"மூடியைத் திறங்க."
மேற்கே நெய்வேலி வெளிச்சம்.
ஒரு ஆம்னி பஸ் போனது.
"திறங்கண்ணே."
"சாவி எங்கிட்ட இல்ல."

பூட்டு வைத்த மூடி.
போன வாரம் முதலாளியே வாங்கி
முதலாளியே மாட்டியது.
யார்டில் அவர் முன்னால்தான் டீசல்,
அவர் கையால்தான் பூட்டு.
நடுவில் மூச்சுவிட இருந்த சின்ன ஓட்டையில்கூட
ட்யூப் சொருகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
எம்-சீல் வைத்து அடைத்திருந்தார், கட்டைவிரல் ரேகையோடு.

"பத்தொம்பது வருஷம்" என்றார் தனகோடி.
அதற்கு மேல் சொல்லவில்லை.
நானும் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தார்ப்பாய் தைக்கும் கோணி ஊசி கேபினில் இருந்தது.
லைட்டருக்கு ஆகாது என்று
வண்டியை விட்டுத் தள்ளிப் போய்
சருகு கூட்டிச் சுட வைத்தார்.
நெருப்பை மிதித்து அணைத்துவிட்டு வந்து,
சிவப்பு போய்க் கறுத்ததும்
கட்டைவிரல் ரேகையின் நடுவில் வைத்து
ஸ்பானரால் ஒரே தட்டு.

ஸ்ஸ்ஸ்...
வெளியே வரவில்லை, உள்ளே போனது.
எவ்வளவு நேரம் போனது!
உள்வாங்கிய தகரம் டம்மென்று நிமிர்ந்ததில்
இரண்டு பேருமே பின்னால் நகர்ந்தோம்.

குழாயை மாட்டினேன். கைப்பம்ப் இப்போது
வெண்ணெய் மாதிரி வந்தது.
வண்டி எழுந்து நின்றது.
தனகோடி ரோட்டோர மண்ணை எச்சிலில் குழைத்து
ஊசி பட்டுப் பளபளத்த இடத்தைச் சுற்றிப் பூசினார்,
ஓட்டை மேல் படாமல், பொட்டு வைப்பவரைப் போல.

"பில்லு வேணும். என்ன எழுதுவீங்க?"
பானெட் மேல் நோட்டை வைத்து யோசித்தேன்.
'டீசல் லைனில் காற்று எடுத்தது, நானூறு' என்று எழுதினேன்.
வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார்.
எடுத்தது கொஞ்சம்தான்.
கொடுத்ததற்கு
பில்லில் இடமில்லை.

வடலூர் பக்கம் சிவப்பு விளக்கு மறையும்வரை
ரோட்டில் ஒரு ஈரக்கோடு
மீன் நாற்றத்தோடு
போய்க்கொண்டே இருந்தது.